முனியப்பனுக்கு மூணு சென்ட்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் எழுதி போர்டு வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று சின்ன வயதில் புரிந்ததில்லை. இப்போது புரிகிறது. மேலே போய்ச் சேர்ந்ததும், "எனக்கு எட்டாவதுலயே வந்துடுச்சு", "நான் பதினாலு வரைக்கும் தாங்கினேன்" என்று வாந்தி எடுத்தவர்கள் பெருமையடித்துக் கொள்வதற்கு ஒரு கணக்கு வேண்டாமா?

போன மாதம் அப்படி ஒரு பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், கையில் ஒரு சிறுகதைத் தொகுப்போடு நான். ஆறாவது வளைவில் பக்கத்து சீட் பெரியவர் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"வளையற பஸ்ஸுல படிக்காதீங்க சார், குமட்டும். என்ன புக்கு அது?"

"கதைங்க. சுடலை மாடன் பசி வந்து எழுந்திரிச்சு, பூசாரியைத் தேடிப் போற கதை."

"பேய்க் கதையா? அப்பப் படிங்க. வர்ற வாந்தி பயந்து உள்ளயே போயிடும்!"

அவர் சொன்ன வைத்தியம் பலித்தது. இருபதாவது வளைவு தாண்டி, சில்வர் ஓக் மரங்களும் அதில் ஏறிய மிளகுக் கொடிகளும் கண்ணில் படுகிற வரைக்கும் எனக்குக் குமட்டவேயில்லை. குமட்டியது அதற்குப் பிறகுதான். அதைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

நான் ஏன் ஏற்காடு போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். எஸ்டேட்டில் 'ரைட்டர்' என்றால் செக்ரோல் எழுதி, கூலிக் கணக்கு பார்க்கிறவர். நானும் ரைட்டர்தான். ஒரே வித்தியாசம், அவர் மாசா மாசம் சம்பளம் வாங்கிய ரைட்டர்! கதை, கட்டுரை என்று நான் கிளம்பியபோது, "பி.காம். படிச்சுட்டு எதுக்குடா பொய்க் கணக்கு எழுதறே?" என்று கேட்டார். கற்பனை எல்லாமே அவருக்குப் பொய்க் கணக்கு. 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்று ஆரம்பித்தால், "எந்த ஊரு, சர்வே நம்பர் என்ன?" என்று கேட்கிற ஜாதி.

அப்பா காலமாகி மூன்று வருஷமாகிறது. நாகலூர் பக்கம் அவர் சிறுகச் சிறுக வாங்கிப் போட்ட ஒண்ணேகால் ஏக்கர் காபித் தோட்டம் எனக்கும் அண்ணனுக்கும் பொது. அதைக் கேட்டு ஒரு ரிசார்ட் பார்ட்டி வந்திருக்கிறது என்று அண்ணன் போன் செய்தான். சொன்ன தொகையைக் கேட்டதும் மனக்கண்ணில் என் வீட்டுக் கடன் முழுசாக அடைந்து, பாங்க் மானேஜர் எனக்குக் கைகொடுத்து, ஒரு காலண்டரும் கொடுத்துவிட்டார்!

புத்தகத்துக்கு வருகிறேன். ஜெயமோகன் எழுதிய கதை அது. 'மாடன் மோட்சம்'.

ஜெயமோகன் என்றால் பலருக்கு 'விஷ்ணுபுரம்' ஞாபகம் வரும். இல்லாவிட்டால் 2014 முதல் 2020 வரை மகாபாரதத்தை 26 நாவல்களாக எழுதிக் குவித்த 'வெண்முரசு' ஞாபகம் வரும். (அந்த 26-ஐயும் படிக்கப் போவதாக நானும் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதி சபதம் எடுக்கிறேன். கூடவே வாக்கிங் போவதாகவும்.) என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு அவருடைய சிறுகதைகள் போதும். அதிலும் நடக்க முடியாதவை நடக்கிற கதைகள். பேய்கள் உலவும் 'நிழல்வெளிக் கதைகள்', விஞ்ஞானப் புனைகதைகளான 'விசும்பு', குழந்தைகளுக்கு எழுதிய 'பனி மனிதன்' என்று ஒரு வரிசையே இருக்கிறது. தொண்ணூறுகளில் அவர் தர்மபுரியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தார். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம்தான். அப்போதே தெரிந்திருந்தால் ஒரு பை காபிக் கொட்டையாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

மாயக்கதை என்றதும் பறக்கும் டிராகன், மந்திரக்கோல், விளக்குமாற்றில் ஏறிப் போகும் பையன் என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் வெள்ளைக்கார சரக்கு. அங்கே மாயம் வேண்டுமென்றால் ரயில் ஏறி வேறு உலகத்துக்குப் போக வேண்டும். நமக்கு அந்தச் செலவே இல்லை. நம்மூர் சாமி தெருமுனையில், வேப்ப மரத்தடியில், மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. எழுந்து நாலடி நடந்தால் கதை!

இதை முதலில் கண்டுபிடித்தவர் ஜெயமோகன் இல்லை. புதுமைப்பித்தன். 1943-லேயே 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதிவிட்டார். மெட்ராஸில் பிராட்வே மூலையில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளையிடம் சாட்சாத் கடவுளே வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிள்ளை அசந்தாரா? கடவுளைக் காபி சாப்பிடக் கூட்டிப் போகிறார். அதோடு விட்டாரா? தான் நடத்துகிற சித்த வைத்தியப் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஜீவிய சந்தாவும் கட்டவைத்து விடுகிறார்! பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், தமிழில் எனக்கு மிகவும் பிடித்த அற்புதக் காட்சி இதுதான். மோட்சம் கேட்காமல் சந்தா கேட்டார் பாருங்கள், அவர் பிழைக்கத் தெரிந்தவர்.

அதே புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் சிரிப்பை நிறுத்திவிடுகிறார். ராமனால் உயிர் பெற்ற அகலிகை, சீதையை அவன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். ஒரு கல்லுக்கு நியாயம் கேட்கத் தெரியும் என்று அன்றைக்கே எழுதியிருக்கிறார்.

அந்தப் பாதையில் வருகிறவன்தான் ஜெயமோகனின் மாடன். எழுதி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் சூடு ஆறவில்லை. கதை இதுதான்: சுடலை மாடன் பசியோடு விழித்துக்கொள்கிறான். கொடை இல்லை, பலி இல்லை, ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. மீசையும் ஆயுதமுமாகத் தன் பூசாரி அப்பியைத் தேடிப் போகிறான். அப்பியோ அவனைவிடப் பெரிய பஞ்சப் பரதேசி. இரண்டு பேரும் குமரி மாவட்டத்துப் பேச்சில் மாறி மாறி வைதுகொள்கிறார்கள், நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணிய புருஷன் பெண்டாட்டி மாதிரி. படித்துச் சிரித்ததில் முன் சீட்டுக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அழுதது.

மாடனுக்கு மறுபடி மவுசு வர அப்பி ஒரு தந்திரம் பண்ணுகிறான். தந்திரம் பலிக்கிறது. ரொம்பவே பலித்துவிடுகிறது! ஊரில் பெரிய மனிதர்கள் கிளம்பி வருகிறார்கள். கோயில் எழும்புகிறது. முறைப்படி பிரதிஷ்டை, மந்திரம். ரத்தமும் சாராயமும் கேட்ட மாடனுக்கு முன்னால் சர்க்கரைப் பொங்கல் வைக்கப்படுகிறது. மந்திரக் கட்டுக்குள் மாடன் உள்ளே. அப்பி? அவன் வெளியே. உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை.

இதற்குப் பெயர்தான் மோட்சம்!

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி: பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை. உலகத்தில் ஒருத்தன் எதையாவது பெற்றால், எங்கேயோ ஒருத்தன் அதைக் கொடுத்திருக்கிறான் என்று அர்த்தம். மாடன் பெற்றது கோபுரம், கொடுத்தது அப்பி. இருந்த ஒரே ஒரு சிநேகிதனைக் கொடுத்துவிட்டான். புத்தகத்தை மூடியபோது எனக்குத் தோன்றியது, அப்பா சொன்னது தப்பு. இது பொய்க் கணக்கு இல்லை. ஊரில் யாரும் எழுதாமல் விட்ட பக்கத்தை எழுதின கணக்கு.

இந்த ஞானோதயத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் பைக்கில் வந்தான். தோட்டத்துக்குப் போனோம்.

ரிசார்ட் பார்ட்டி தங்கமான மனுஷன். கையில் இரண்டு போன், நெற்றியில் இரண்டு பொட்டு. காபிச் செடிகளை ஒரு பார்வை பார்த்தார். "இதெல்லாம் எடுத்துடலாம். 'காபி தோட்டத்துக்கு நடுவுல தங்குங்க'ன்னு போட்டா கூட்டம் அள்ளும் சார்!" என்றார். காபிச் செடியைப் பிடுங்கிவிட்டுக் காபித் தோட்டம் என்று போர்டு வைப்பது எப்படி என்று நான் யோசிப்பதற்குள், தோட்டத்தின் கீழ்க்கோடிக்கு வந்துவிட்டோம்.

அங்கே ஒரு கல் இருக்கிறது. முழங்கால் உயரம். பக்கத்தில் துருப்பிடித்த வேல். மேலே கூரை கிடையாது, ஒரு பெரிய மரம்தான். முனியப்பன். அப்பா வாங்குவதற்கு எத்தனை காலம் முன்னாலிருந்து அங்கே இருக்கிறாரோ தெரியாது. சர்வே நம்பர் கேட்கும் எங்கள் அப்பா, முனியப்பனிடம் மட்டும் பட்டா கேட்டதில்லை.

விளக்கு வைப்பது மலையாளித் தாத்தா ஒருவர். 'மலையாளி' என்றதும் சென்னையில் என் நண்பன் ஒருவன், "மோகன்லால் ஊரா?" என்று கேட்டான். இல்லை ஐயா, இவர்கள் சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மூன்று மலைகளுக்குப் போனார்கள், அவர்கள் வம்சம் நாங்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு மே மாதம் திருவிழா நடக்கும்போது பாருங்கள், மலை முழுக்க அவர்கள்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காபியைக் கொண்டுவருவதற்கு எவ்வளவோ முன்பே மலை அவர்களுடையது. அப்புறம் எஸ்டேட் வந்தது, அதில் அவர்கள் கூலிக்கு வந்தார்கள். எங்கள் அப்பா எழுதிய செக்ரோலில் அந்தத் தாத்தா பெயரும் உண்டு.

ரிசார்ட்காரர் கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியை இப்படி வெயில்ல மழையில விட்டிருக்கீங்களே சார்! பாவமில்லையா? சூப்பரா ஒரு கோயில் கட்டிடறேன். கிரானைட் தரை, சுத்தி லைட்டு. சேலத்துல இருந்து குருக்களைக் கூட்டி வந்து கும்பாபிஷேகம். கெஸ்ட்டுங்க காலைல எழுந்ததும் தரிசனம், சர்க்கரைப் பொங்கல் பிரசாதம்!"

எனக்குக் குமட்டியது அப்போதுதான். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அந்தக் கதையைப் படித்தவர் இல்லை.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியாடா, சாமிக்கும் வழி பிறந்துடுச்சு" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். காபி விலை ஒரு வருஷம் ஏறும், இரண்டு வருஷம் இறங்கும். பழம் பறிக்க ஆள் கிடைப்பதில்லை. காட்டெருமை வேறு வந்து செடியை மிதிக்கிறது. அவனுடைய பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். எனக்கோ வீட்டுக் கடன். நான் ஒரு கதையைப் படித்துவிட்டேன் என்பதற்காகத் தோட்டத்தை விற்காமலிருக்க முடியுமா? இலக்கியத்துக்கு இ.எம்.ஐ. கட்டும் வழக்கம் எந்த பாங்கிலும் கிடையாது.

சாயந்திரம் தாத்தா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி. ரைட்டர் மவன்தானே? விக்கப் போறீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாங்க தாத்தா. வாங்கறவரு முனியப்பனுக்குப் பெரிய கோயிலா கட்டித் தர்றேங்கறாரு. உங்களுக்குச் சம்மதம்தானுங்களே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"கட்டட்டுமே தம்பி. நல்லதுதானே. நம்மளால முடிஞ்சதா? இல்லியே." வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "என்னைய உள்ள விடுவாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. வயசாயிடுச்சு. அந்த ஆளுக்குத்தான் பேச்சுத்துணை இருக்காது."

அந்த ஆள் என்று அவர் சொன்னது முனியப்பனை!

இரவு முழுக்கத் தூக்கமில்லை. ஏற்காட்டுக் குளிர் ஒரு காரணம், அண்ணன் குறட்டை இன்னொரு காரணம், அப்பி மூன்றாவது காரணம். ஜெயமோகனின் 'டார்த்தீனியம்' என்று இன்னொரு கதை உண்டு. ஒரு அப்பா ஆசையாக ஒரு கறுப்புச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பார். அது வளர வளர வீடே இருண்டுபோகும். மகன் அந்தக் கதையைச் சொல்வான். எல்லோருமாகச் சேர்ந்து தண்ணீர் ஊற்றித்தானே அந்தச் செடி வளர்ந்தது? ஒருத்தராவது முதல் நாளே எடுத்துத் தெருவில் வீசியிருக்கலாமே என்று படிக்கும்போது ஆத்திரமாக வரும். அந்த முதல் நாள் இன்றைக்குத்தான் என்று விடியற்காலை நாலு மணிக்கு எனக்குத் தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. நான் கதை எழுதுகிறவன் இல்லை. ஆனால் ரைட்டர் மகன். பத்திரம் எழுதத் தெரியும்!

மறுநாள் பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்தபோது சொன்னேன். தபசிலில் கீழ்க்கோடி மூணு சென்ட்டைக் கழித்துவிடுங்கள். அது விற்பனையில் சேராது. ரோட்டிலிருந்து அந்த மூணு சென்ட்டுக்கு மூன்றடி அகலத்தில் வழிநடைப் பாத்தியம், இன்ன பேர் வந்து போகலாம், யாரும் தடுக்கக் கூடாது. செக்குபந்தியில் ஒரு எல்லைக்கு 'முனியப்பன் கல்' என்றே போடுங்கள்.

ரிசார்ட்காரருக்கு முகம் சுருங்கியது. "மூணு சென்ட் பெருசில்ல சார். வருஷத்துக்கு ஒருதரம் அங்க கெடா வெட்டினா கெஸ்ட்டு எப்படி சார் தங்குவாங்க?" பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. கடைசியில் ரேட்டில் இரண்டு லட்சத்தைக் குறைத்துக்கொண்டு சம்மதித்தார். அதாவது என் பங்கில் ஒரு லட்சம் அவுட். அண்ணன் பங்கில் ஒரு லட்சம் அவுட். அண்ணன் அன்றைக்குப் பூரா என்னோடு பேசவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது மட்டும், "அப்பா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாரு. ஆனா விலை குறையாம செய்திருப்பாரு" என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் புத்தகம் என்ன விலைங்க?"

"கிட்டத்தட்ட முந்நூறு ரூபா."

"அப்ப மொத்தம் ஒரு லட்சத்து முந்நூறு" என்றாள்.

வருமானம் குறைந்த வீட்டில் இந்த மாதிரி வாக்கியங்கள் அடிக்கடி வரும். அப்புறம் அவளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படி லைட் எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். படித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமில்லை. கடைசிப் பக்கம் என்று புரிந்தது.

ஊரைக் காப்பாற்றிவிட்டேன் என்றெல்லாம் மார்தட்டவில்லை. மீதி ஒரு ஏக்கர் இருபத்திரண்டு சென்ட்டில் காபிச் செடி போகும், கான்கிரீட் வரும். அதற்கான பணத்தை வாங்கிப் பையில் போட்டவர்களில் நானும் ஒருவன். தாத்தாவுக்குப் பிறகு விளக்கு வைக்க ஆள் வருமா என்பதும் நிச்சயமில்லை. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பத்திரத்தில் பாதை போடலாம், நடக்கிற காலைப் போட முடியாது.

ஆனால் போன வாரம் அண்ணன் போன் செய்தான். கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கீழ்க்கோடிப் பக்கம் போயிருக்கிறான். வேலி போட்டு வைத்திருக்கிறார்களாம், நடுவில் மூன்றடி வழி விட்டு. தாத்தா அங்கே உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொண்டிருந்தாராம்.

"யாரோட பேசறீங்கன்னு கேட்டேன்டா. உன்னைய பத்தித்தான் சொல்லிட்டிருந்தாராம்."

"முனியப்பன் என்ன சொன்னாராம்?"

"ரைட்டர் மவன் பரவால்லையாம். ஆனா மூணு சென்ட்டுக்குப் பதிலா அஞ்சு சென்ட்டாப் போட்டிருக்கலாமாம்!"